படுக்கையில் உடம்பு போடும் சத்தம்: வன்னியிலிருந்து ஒரு விளக்கம்

மாதர் சங்கக் கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அக்கா ஒருவர் என் கையைப் பிடித்து வேப்பமரத்தின் பின்பக்கம் கூட்டிப் போனார். அவருடைய ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டேன். எழுதட்டுமா என்று கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் இதை எழுதுகிறேன்.

"தங்கச்சி, இதை ஆரிட்டக் கேக்கிறதெண்டு தெரியேல்ல. ரெண்டாவது பிள்ளை பிறந்தாப் பிறகு, நாங்கள் சேருற நேரம் கீழால காத்துப் பறியிற மாதிரி ஒரு சத்தம் வருது. பின்னால இல்லை, முன்னால. உள்ளுக்க ஏதும் பழுதாப் போச்சோ?"

"அண்ணை ஏதும் சொன்னவரோ?"

"அவர் வாயே திறக்கேல்ல. ஆனா அடுத்த நாள் மெத்தைக்கு மேல பாயை விரிச்சுப் போட்டார். அருவருத்துப் போனாராக்கும். நான் இப்ப ரெண்டு மாசமா, பிள்ளை முழிச்சிடும் எண்டு சாட்டுச் சொல்லித் தள்ளித்தான் படுக்கிறன்."

ஒரு கையளவு காற்றுக்காக இரண்டு மாதம் ஒரு பெண் தன் மனிசனை விட்டுத் தள்ளிப் படுத்திருக்கிறாள். அன்று வீட்டுக்கு வந்தும் எனக்கு அது ஆறவில்லை. அந்த அக்காவைப் போல எத்தனை பேர் யாரிடமும் கேட்காமல் இருக்கிறார்கள் என்ற எண்ணம்தான் இதை எழுத வைக்கிறது.

முதலில் அவர் கேட்ட சத்தத்துக்கே வருகிறேன். யோனி என்பது எப்போதும் திறந்து கிடக்கும் குழாய் அல்ல. சும்மா இருக்கும்போது அதன் முன் சுவரும் பின் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உடலுறவின்போது அது விரிந்து நீளும். உள்ளே போய் வரும் அசைவோடு வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும்போது கிணற்றுத் தண்ணீர் வற்றி, குழாயின் வாய் வெளியே தெரிய ஆரம்பித்தால் மெஷின் என்ன செய்யும்? "காத்து இழுக்குது" என்போம். பிறகு அந்தக் காற்று தண்ணீரோடு சேர்ந்து பட்பட்டென்று துப்பிக்கொண்டு வெளியே வரும். இங்கே நடப்பதும் அதேதான். இடுப்பு உயர்ந்திருக்கும் நிலைகளில் காற்று கூடுதலாக உள்ளே போகும். நிலை மாறும்போதோ, விலகும்போதோ, தசைகள் இறுகும்போதோ அது வெளியே வரும். ஈரமான, ஒடுங்கிய வழியால் வருவதால் சத்தம் கேட்கிறது.

இந்தக் காற்று குடலிலிருந்து வருவதில்லை. அதனால் மணமும் இருக்காது, அது அறையில் இருந்த வெறும் காற்று. மலவாசலில் ஒரு சுருக்குத் தசை இருக்கிறது, அதை இறுக்கிக் காற்றை அடக்கலாம். யோனி வாசலில் அப்படி இறுக்கி மூடும் வளையம் இல்லை. ஆகவே ஒரு பெண் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அந்தச் சத்தத்தை அடக்க முடியாது. பிள்ளை பெறாத இளம் பெண்ணுக்கும் வரும். பிள்ளை பெற்றவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வரலாம். காரணம், சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடல் மூன்றையும் கீழிருந்து ஏந்திப் பிடித்திருக்கும் இடுப்புத் தளத் தசைகள் கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் தளர்ந்துவிடும். கயிற்றுக் கட்டிலின் கயிறு நாளாவட்டத்தில் தொய்வது போலத்தான்.

அந்தக் கயிறை மறுபடியும் இறுக்கலாம். அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் அர்னால்ட் கேகல் 1948இல் எழுதிய பயிற்சி இன்றும் உலகெங்கும் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. சிறுநீரையும் காற்றையும் அடக்குவது போலக் கீழே உள்ள தசையை மேல்நோக்கி இழுத்து இறுக்க வேண்டும். ஐந்து வினாடி பிடித்து, பிறகு முழுதாகத் தளர்த்த வேண்டும். இப்படிப் பத்துத் தடவை, நாளைக்கு மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கக் கூடாது. சோறு வடிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் செய்யலாம், பார்ப்பவருக்குத் தெரியாது. ஓரிரு மாதம் விடாமல் செய்தால் வித்தியாசம் தெரியும். இருமும்போது கொஞ்சம் சிறுநீர் கசிகிறதே என்று மனதுக்குள் வைத்திருக்கும் அம்மாமாருக்கும் இதே பயிற்சிதான். ஆனால் ஒன்று: சத்தத்தை ஒழிப்பதற்காக இதைச் செய்யத் தேவையில்லை. அது நோயே இல்லை.

நோயின் அடையாளம் வேறு. யோனி வழியாக வரும் காற்றில் மலத்தின் மணம் இருந்தால், அல்லது மலமோ சிறுநீரோ அந்த வழியால் கசிந்தால், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பிரசவம் நீண்டு இழுபட்டவர்களுக்கும், ஆழமாகக் கிழிந்து தையல் போட்டவர்களுக்கும் மலக்குடலுக்கும் யோனிக்கும் நடுவில் ஒரு துவாரம் விழுந்திருக்கலாம். அதைச் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். சேர்ந்த பிறகு இரத்தம் கண்டாலும், நோவு இருந்தாலும், கெட்ட மணத்தோடு வெள்ளை பட்டாலும் காட்ட வேண்டும். வீட்டுக்கு வரும் மிட்வைப் மிஸ்ஸிடம் சொன்னாலே போதும், எங்கே போவது என்று அவர் வழி சொல்வார். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தில் பெண்களின் உடல்நலம் பார்க்க நடக்கும் வெல் வுமன் கிளினிக்கிலும் கேட்கலாம். இன்னொன்றையும் ஆண்களுக்குச் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குக்கூட யோனிக்குள் வாயால் காற்றை ஊதக் கூடாது. கர்ப்பிணியாக இருந்தால் அந்தக் காற்று இரத்தக் குழாய்க்குள் போய் உயிரையே எடுக்கும். அரிதாக நடப்பதுதான், ஆனால் நடந்திருக்கிறது. தானாகப் போய்த் தானாக வரும் காற்றால் சாதாரணமாக இந்த ஆபத்து வருவதில்லை.

அப்புறம், பின்னால் பறியும் காற்று. அதைப் பற்றிப் பேச ஏன் இவ்வளவு தயங்குகிறோம் என்றே எனக்கு விளங்கவில்லை. ஆரோக்கியமான ஓர் ஆளின் குடலில் நாளொன்றுக்கு அரை லீற்றரிலிருந்து ஒன்றரை லீற்றர் வரை வாயு உண்டாகிறது, பத்திலிருந்து இருபது தடவை வரை அது பிரியும். பெரும்பகுதி நைதரசன், ஐதரசன், காபனீரொட்சைட்டு. இவற்றுக்கு மணமே கிடையாது. மணப்பது மிகக் கொஞ்சமாகக் கலந்திருக்கும் கந்தகச் சேர்மங்களால்தான். எங்கள் சாப்பாட்டையும் பாருங்கள். காலையில் அவித்த கௌபியும் சம்பலும், மத்தியானம் பருப்பு, பலாக்கொட்டைக் கறி, பின்னேரம் கடலை. பருப்பிலும் பயறிலும் இருக்கும் சில சர்க்கரைகளை உடைக்கும் நொதியம் மனிதக் குடலில் இல்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போய், அங்கே இருக்கும் பக்டீரியாக்களுக்கு உணவாகி வாயுவாகின்றன. ஏழைக்குப் புரதம் கொடுக்கும் சாப்பாடு கூடவே கொஞ்சம் காற்றையும் கொடுக்கும்.

சேரும் நேரத்தில் இந்தக் காற்று ஏன் பறிகிறது என்றால், மலக்குடல் யோனிக்கு நேர் பின்னால், மெல்லிய சுவர் ஒன்றுக்கு அப்பால் இருக்கிறது. அசைவு அதை அழுத்துகிறது, வயிற்றின் மேல் பாரமும் விழுகிறது. உச்சத்துக்குப் பிறகு தசைகள் எல்லாம் ஒருசேரத் தளரும்போது அதுவரை அடக்கியதும் போய்விடும். ஆண்களுக்கும் இதேதான். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் நடுவில் ஒன்றிரண்டு மணி நேரம் விட்டால் குறையும், ஏவறையும் குறையும். வயிறு இரைவது இதிலிருந்து வேறு. குடல் தன் உள்ளே இருக்கும் நீரையும் காற்றையும் தள்ளும் ஓசை அது. வெறும் வயிற்றில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை குடல் தன்னைத்தானே கூட்டித் துப்புரவாக்கும் ஓர் அலை ஓடும். உள்ளே சாப்பாடு இல்லாததால் சத்தம் பெரிதாகக் கேட்கும். முழங்கால் சொடுக்குப் போடுவதில் சொல்ல அதிகம் இல்லை. பெரும்பாலும் மூட்டுக்குள் இருக்கும் நீரில் வாயுக் குமிழி உண்டாகும் ஓசை அது. விரல் மூட்டில் அது உண்டாவதை 2015இல் கனடாவின் அல்பேர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எம்.ஆர்.ஐ. படமாகவே பிடித்துக் காட்டினார்கள். நோவும் வீக்கமும் இல்லாவிட்டால் அதை விட்டுவிடலாம்.

வன்னிக்கென்றே கூடுதலாக ஒரு சத்தம் உண்டு, வேர்வைச் சத்தம். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே படுத்தவர்களுக்குத் தெரியும், இரவு பத்து மணிக்கும் தகரம் வெக்கையைக் கக்கிக்கொண்டிருக்கும், மின்விசிறி சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும். இரண்டு ஈர உடம்புகள் ஒட்டிப் பிரியும்போது நடுவில் கொஞ்சம் காற்று அகப்பட்டு, சளக் என்று விடுபடும். சேறடித்த வயலில் நாற்று நடப் போனவர்கள் அந்தச் சத்தத்தைக் காலாலே அறிவார்கள். சேற்றிலிருந்து காலை இழுக்கும்போது, கால் விட்ட இடத்துக்குள் காற்று பாயும் ஓசை. வயலில் அதைக் கேட்டு யாரும் நாணியதில்லை. கீழே வரும் ஈரச் சத்தமும் அப்படித்தான். அந்த ஈரம் பெண்ணின் உடம்பு தயாராக இருக்கிறது என்பதன் அடையாளம். உண்மையில் கவலைப்பட வேண்டியது ஈரம் இல்லாதபோதுதான். பால் கொடுக்கும் காலத்திலும், மாதவிடாய் நின்ற பிறகும் அங்கே வறட்சி வரும், எரிவு வரும். பாமசியில் இதற்கென்றே தண்ணீரில் கரையும் ஜெல் கிடைக்கும். பலர் தேங்காயெண்ணெய் பூசுகிறார்கள். ஆணுறை போடுபவர்கள் அதைச் செய்யக் கூடாது, எண்ணெய் பட்டால் ஆணுறை நைந்து கிழியும்.

சரி, உடம்பின் கணக்கு இவ்வளவுதான். காற்று, தண்ணீர், அசைவு. இதற்கு ஏன் இவ்வளவு வெட்கம் என்பதுதான் பெரிய கேள்வி. வெட்கம் எல்லாத் தமிழருக்கும் பொதுதான். ஆனால் எங்களுடைய வெட்கத்தில் பாதி, நாங்கள் படுத்தெழும்பிய இடங்களிலிருந்து வந்தது என்று நான் நம்புகிறேன்.

இப்போது முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருக்கும் வன்னிச் சோடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களில் பலர் கலியாணம் செய்தது இலங்கையின் இறுதிப் போர் இடம்பெயர்வுக் காலத்தில். மல்லாவியிலிருந்து கிளிநொச்சி, அங்கிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று 2008இலும் 2009இலும் கிழக்கே கிழக்கே போனவர்கள். பங்கருக்குள் மாமியும் மச்சாளும் பிள்ளைகளும் தோளோடு தோள் இடித்துக் கிடந்த இரவுகளில்தான் சிலர் புதுப் பெண், புது மாப்பிள்ளை. அந்தக் காலத்தில் காதுதான் எங்களைக் காப்பாற்றிய உறுப்பு. குண்டு போடும் கிபிர் விமானம் வருகிறதா, வண்டு என்று நாங்கள் சொல்லும் ஆளில்லா வேவு விமானம் சுற்றுகிறதா, செல் என்ற எறிகணை எந்தப் பக்கம் குத்துகிறது என்று எல்லாவற்றையும் காதுதான் சொன்னது. ஒரு சின்னச் சத்தத்துக்கும் நெஞ்சு திடுக்கிடப் பழகிய உடம்பு, படுக்கையிலும் அதே காதோடுதான் இருக்கும்.

பிறகு முகாம். இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாமில் ஒரு கூடாரத்துக்குள் சில இடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருந்தன. ஒரு சேலைதான் நடுச்சுவர். பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கிழவர் புரண்டு படுத்தால் இங்கே கேட்கும். 2012 புரட்டாசியில் அந்த முகாம் மூடப்படும்வரை சில குடும்பங்கள் மூன்று வருடத்துக்கும் மேல் அப்படியே வாழ்ந்தன. ஊருக்கு வந்த பிறகும் தறப்பாள் கொட்டில்தான். இந்திய உதவியோடு வந்த 50,000 வீட்டுத் திட்டமும் மற்றத் திட்டங்களும் கல்வீடு தந்தபோது, கதவு பூட்டும் அறை என்ற ஒன்று பலருக்கும் முதன்முதலாய்க் கிடைத்தது. அந்த வீடுகளிலும் சீலிங் இல்லாவிட்டால், இடைச்சுவர் கூரை மட்டும் எழும்பாவிட்டால், ஒரு அறையின் இருமல் மற்ற அறையில் விழும்.

ஆகவே சத்தமில்லாமல் இருப்பதுதான் மரியாதை என்று நாங்கள் கற்றுக்கொண்டது பிழையல்ல. அன்றைக்கு அது கண்ணியம். ஒரே கூடாரத்தில் கிடந்த குமர்ப்பிள்ளைகளுக்கும் கிழவிக்கும் கொடுத்த மதிப்பு. அதை நான் ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் சுவர் வந்த பிறகும் உடம்பு கூடாரத்துக்குள்ளேயே கிடக்கிறது. மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து, காதை வெளியே வைத்துக்கொண்டு சேர்கிறோம். அதனால் வரும் தீங்கு சின்னதல்ல. பயத்தில் இருக்கும் உடம்பு ஓடவோ ஒளியவோதான் ஆயத்தமாகும், இன்பத்துக்கு அல்ல. பெண்ணுக்கு ஈரம் சுரக்காது, கீழ்த் தசை இறுகும், நோகும். ஆணுக்கு விறைப்பு நிற்காது. அமெரிக்க ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜோன்சனும் 1970இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். சேரும் நேரத்தில் தன்னையே வெளியே நின்று பார்த்துக்கொண்டிருப்பவருக்கு உணர்ச்சி அறுந்துபோகிறது என்றார்கள். "இப்ப சத்தம் வந்திடுமோ" என்று காத்திருப்பவரும் அப்படி வெளியே நிற்பவர்தான்.

இன்னும் ஒரு கூட்டம் இருக்கிறது. அவர்களைப் பற்றி யாருமே எழுதுவதில்லை. வயிற்றில் செல் துண்டு பட்டு, குடலை வெளியே எடுத்து வழி வைத்து, மலம் சேரும் பையோடு வாழ்பவர்கள். வயிற்றில் வைத்த அந்த வழியின் வாயில் சுருக்குத் தசை இல்லை. காற்று எப்போது வரும், எவ்வளவு சத்தத்தோடு வரும் என்பது அவர்கள் கையில் இல்லை. படுக்கைக்கு முன்னால் பையை வெறுமையாக்கி, மடித்து, மேலே ஒரு பருத்தித் துணியை இடுப்போடு சுற்றிக் கட்டினால் பை அசையாது, ஓசையும் கொஞ்சம் அமுங்கும். அதற்கு மேலும் சத்தம் வந்தால் அது வரட்டும். முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்களில் பலருக்கும் காற்றை அடக்கும் கட்டுப்பாடு இல்லை. செயற்கைக் கால் போடுபவர்களுக்கு, மிச்சமிருக்கும் காலை அதன் கிண்ணத்துக்குள் விடும்போதும் எடுக்கும்போதும் அதிலிருந்து காற்றுப் பறியும், அச்சு அசலாக மற்றச் சத்தம் போலவே. படுக்கப் போகும்போது காலைக் கழற்றும் அந்த ஓசைதான் அன்றைய இரவின் முதல் ஓசை. ஒரு அண்ணன் சொன்னார், தன் மனிசி அறைக்கு வெளியே போன பிறகுதான் காலைக் கழற்றுவாராம். கலியாணம் கட்டிப் பதினொரு வருடம். எனக்கு அதைக் கேட்டு நெஞ்சு அடைத்துப்போனது. உயிரோடு மீண்டு வந்த உடம்பு அது. அதன் ஓசைக்கு எங்கள் வீடுகளில் இடம் இருக்க வேண்டும்.

வெளியே கேட்கும் என்ற கவலைக்கு வழிகள் உண்டு. மின்விசிறியைக் கூட்டி வைக்கலாம், றேடியோவை மெல்லப் போடலாம், கட்டிலைச் சுவரை விட்டு நகர்த்தி மூட்டு ஆணிகளை இறுக்கலாம், அல்லது நிலத்தில் மெத்தையைப் போடலாம். பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும் வீட்டில் இந்தக் கவனம் தேவைதான். மூச்சும் முனகலும் தானாக வருபவை. இதயம் வேகமாக அடிக்க, மூச்சு வாங்க, வயிற்றுத் தசை இறுக, காற்று குரல்நாணை உரசிக்கொண்டு போகிறது. அதை முழுதாக அடக்காமல் மெதுவாக வாயால் விட்டால் கீழ்த் தசையும் தளரும்.

ஆனால் உள்ளே இருக்கும் இரண்டு பேருக்குள் வரும் வெட்கத்துக்கு மின்விசிறி போதாது, ஒரு வார்த்தை வேண்டும். நீண்ட விளக்கம் தேவையில்லை. சத்தம் வந்த கணத்தில் "அது காத்து" என்று சொன்னால் போதும். "இஞ்சேர், ஒண்டுமில்லை" என்று அவர் சொன்னால் இன்னும் நல்லது. சேர்ந்து சிரித்தால் அதைவிட நல்லது, ஆனால் ஒருவரைப் பார்த்து மற்றவர் சிரிப்பது வேறு. வெளியே கூட்டாளிமாரிடம் அதைப் பகிடியாகச் சொல்வது துரோகம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஒரு பகிடி பத்து வருட வாய்ப்பூட்டு. பெண்களைவிட ஆண்கள்தான் இதில் முதலில் வாய் திறக்க வேண்டும் என்றும் நினைக்கிறேன். அவர் பேசாமல் இருந்தால் அந்த மௌனத்துக்குள் அவள் என்னவெல்லாமோ எழுதிவிடுவாள்.

அந்த அக்கா அப்படித்தான் எழுதியிருந்தார். அன்று வேம்பின் கீழே தண்ணீர் மெஷின் கதையைச் சொல்லி, தசைப் பயிற்சியையும் சொல்லி, "பாயை ஏன் விரிச்சவர் எண்டு ஒருக்காக் கேளுங்கோ அக்கா" என்று அனுப்பினேன். அடுத்த கூட்டத்தில் என்னைக் கண்டதும் அவருக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"கேட்டனான் தங்கச்சி. 'இஞ்சேர், அது உன்ர சத்தமே? நான் அந்த றெக்சீன் மெத்தைதான் காத்து விடுது எண்டெல்லே நினைச்சன். உனக்கு வெக்கமா இருக்குமெண்டுதான் பாயை விரிச்சனான்' எண்டார்."

பாயைச் சுருட்டித் திரும்பவும் மூலையில் சாத்திவிட்டார்களாம்.